பாரபட்சம் எங்கே நுழைகிறது? செயற்கை நுண்ணறிவு பற்றிய கேள்வி பதில்

கல்லூரி மாணவி, மதுரை: அம்மா, ஒருவரின் இனத்தையே கேட்காத மென்பொருள் இனப் பாரபட்சம் காட்டுவது எப்படி?

அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். நாள்பட்ட நோயாளிகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்க அங்குள்ள மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு மென்பொருளுக்கு இனம் பற்றிய விவரம் தரப்படவே இல்லை. ஆனால் அது நோயின் கடுமையைக் கணிக்கவில்லை. ஒருவருக்கு அடுத்து எவ்வளவு மருத்துவச் செலவு ஆகும் என்பதைத்தான் கணித்தது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் ஒரே அளவில் உள்ள இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்க்கிறார். மற்றவருக்கு விடுப்புக் கிடைப்பதில்லை, போய்வர வண்டி வசதி இல்லை, மருத்துவமனை மீது பழைய அவநம்பிக்கையும் உண்டு. இரண்டாமவருக்கு ஆகும் பில் தொகை குறைவு. ஆகவே அவருடைய நோயும் குறைவு என்று கணக்காகிவிட்டது. அப்படி விடுபட்டவர்களில் கறுப்பின மக்கள் மிகுதி. சியாட் ஓபர்மேயர் குழுவினர் 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தப் பிழை இல்லாவிட்டால், தானாகத் தேர்வாகும் நோயாளிகளில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயர்ந்திருக்கும்.

பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்: அப்படியானால் தரவை அதிகப்படுத்தினால் சரியாகிவிடுமா?

சில இடங்களில் ஆகும். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் 2018-இல் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அங்கே எல்லா வகை முகங்களையும் சேர்த்துப் பயிற்றுவிப்பது பயன்தரும். மருத்துவமனைக் கதையிலோ இன்னும் கோடி பில்களைக் கொட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் அங்கே அளவுகோலே தவறு.

மென்பொருள் பொறியாளர், சென்னை: நியாயத்தைக் கணிதமாக வரையறுத்து, அதை மென்பொருளில் கட்டாயமாக்கிவிட முடியாதா?

எந்த நியாயத்தை என்பதுதான் சிக்கல். ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் தரும் 'காம்பாஸ்' மென்பொருளை, புளோரிடாவின் புரோவர்டு மாவட்டப் பதிவுகளைக் கொண்டு 'புரோபப்ளிகா' என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2016-இல் ஆராய்ந்தது. பின்னர் எக்குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரில் சுமார் 45 விழுக்காட்டினரும், வெள்ளையரில் சுமார் 23 விழுக்காட்டினரும் ஆபத்தானவர்கள் என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தனர். தயாரித்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனத்தவரானாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள் என்று வாதாடியது. இரண்டு கணக்குமே சரி! இரு குழுக்களில் மீண்டும் குற்றம் செய்தவர்களாகப் பதிவாகும் விகிதமே வேறுபடும்போது, கணிப்பு பிழையே இல்லாததாக இருந்தாலன்றி, இவ்விரு நியாயங்களும் ஒருசேர நிறைவேறா என்று ஆய்வாளர்கள் கணித வழியில் நிறுவியுள்ளார்கள். மேலும், பதிவேட்டில் 'மீண்டும் குற்றம்' என்று இருப்பது பெரும்பாலும் மீண்டும் கைதானதைத்தான் குறிக்கிறது. காவல்துறை எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறதோ அங்கே கைதும் அதிகம். எந்தத் தவறை எவர்மேல் சுமத்துவது என்ற முடிவைப் பொறியாளர் தனியாக எடுப்பதை நான் ஏற்கவில்லை. அது மக்கள் மன்றத்துக்கு வர வேண்டிய கேள்வி.

வங்கி அலுவலர், கோவை: கடைசி முடிவை மனிதர்தானே எடுக்கிறார், பிறகென்ன அச்சம்?

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு வரித்துறையின் மென்பொருள் ஆபத்து மதிப்பெண் இட்டது; டச்சுக் குடியுரிமை இல்லாமையும் அதில் ஒரு குறியீடு. அதிக மதிப்பெண் வாங்கிய கோப்பு ஓர் அலுவலரின் மேசைக்குப் போனது உண்மைதான். ஆனால் அந்த மதிப்பெண் ஏன் வந்தது என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. காரணம் தெரியாதவர் எதைச் சரிபார்ப்பார்? ஆயிரக்கணக்கான பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டு, பல்லாயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டனர். 2021 ஜனவரியில் அந்த விவகாரத்தால் அமைச்சரவையே பதவி விலகியது.

இல்லத்தரசி, திருநெல்வேலி: எங்களைப் போன்றவர்கள் எதை வைத்து நம்புவது?

முதலில், இது எதைக் கணிக்கிறது என்று கேளுங்கள். நோயையா செலவையா, குற்றத்தையா கைதையா. அடுத்து, உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தருவார்களா, மேல்முறையீட்டை யார் கேட்பார் என்று கேளுங்கள். ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி நகராட்சிகள் தாங்கள் பயன்படுத்தும் இத்தகைய மென்பொருள்களின் பதிவேட்டை 2020-இல் பொதுவில் வைத்தன. முதலில் சொன்ன மருத்துவ மென்பொருளின் குறையும், ஆய்வாளர்களுக்கு மதிப்பெண்களும் நோய்க் குறிப்புகளும் ஒருங்கே பார்க்கக் கிடைத்ததால்தான் வெளிப்பட்டது. தயாரிப்பாளரோடு சேர்ந்து அளவுகோலை மாற்றிப் பார்த்தபோது பாரபட்சம் 84 விழுக்காடு குறைந்தது.