கண்காட்சிக்கு முந்தைய மாதங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மதுரையில் வசிக்கும் ஓவியன். எண்ணெய் வண்ணத்தில் பல ஆண்டுகளாக வரைந்து வருகிறேன். இன்னும் மூன்று மாதத்தில் சென்னையில் என் முதல் தனிநபர் கண்காட்சி நடக்கவிருக்கிறது. கூடத்தில் 25 படங்கள் வரை மாட்டலாம் என்கிறார்கள். என்னிடம் 40 படங்கள் உள்ளன. ஆனாலும் பெரிய படங்கள் சிலவற்றைப் புதிதாகச் சேர்க்காவிட்டால் கண்காட்சி நிறைவாக இருக்காது என்ற பதற்றத்தில் இரவு பகலாக வரைந்துகொண்டிருக்கிறேன். நண்பர்களோ இருப்பதையெல்லாம் நெருக்கி மாட்டிவிடச் சொல்கிறார்கள். படங்களுக்குத் தலைப்பு வைப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
மதுரை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தக் கண்காட்சிக்காகப் புதிதாக வரைவதை இன்றே நிறுத்திவிடுங்கள். முதல் காரணம் உங்கள் ஊடகம். எண்ணெய் வண்ணம் நீர் வற்றிக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. மேற்பரப்பில் தோல் கட்டி, விரலில் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும், தடித்துப் பூசிய இடங்கள் உள்ளே பல மாதங்கள் இளகியே இருக்கும். அப்படியொரு படத்தின்மேல் பபிள் ரேப்பைச் சுற்றி வண்டியில் ஏற்றினால், சென்னையில் பிரிக்கும்போது வானத்திலும் முகத்திலும் வட்ட வட்டமாகத் தடம் பதிந்திருக்கும். இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்று ஓவியர்கள் சொல்லிவருவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. உங்களுக்கு மிச்சமிருக்கும் காலம் தேர்வுக்கு உரியது. நாற்பதிலிருந்து இருபத்தைந்தைப் பொறுக்குவது நாளொன்றில் முடிகிற வேலையன்று. பிரெஞ்சு ஓவியர் மோனே தம் அல்லிக்குள ஓவியங்களை 1907இல் பாரிஸில் டுராண்ட்-ருயெல் என்ற ஓவிய வணிகரின் கூடத்தில் காட்சிக்கு வைப்பதாக இருந்தது. மனநிறைவு வராததால் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். இடையில் பல கேன்வாஸ்களைத் தம் கையாலேயே அழித்தார். 1909இல் ஒருவழியாகக் கண்காட்சி திறந்தபோது 48 படங்கள் சுவரில் இருந்தன. நீங்கள் எதையும் கிழிக்க வேண்டாம்; அந்த அழிப்பை நான் வருத்தத்தோடுதான் எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் நல்ல படமாகவே இருந்தாலும் இந்தக் கூட்டத்தில் சேராத படத்தை வீட்டிலேயே விட்டுவரும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

நாம் ஒவ்வொரு படத்தையும் தனியாக வரைகிறோம். பார்வையாளர் எதையும் தனியாகப் பார்ப்பதில்லை. 1832இல் லண்டனில் ராயல் அகாடமி என்ற ஓவியர் கழகத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அங்கே கண்காட்சி திறப்பதற்கு முன், சுவரில் மாட்டிய படங்களைச் செப்பனிட உறுப்பினர்களுக்குச் சில நாட்கள் கொடுப்பார்கள். அவற்றுக்கு வார்னிஷ் நாட்கள் என்றே பெயர். ஆங்கிலேய ஓவியர் டர்னரின் சாம்பல் நிறக் கடற்காட்சிக்குப் பக்கத்தில், லண்டன் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாவை அவர் காலத்து ஓவியர் கான்ஸ்டபிள் வரைந்த படம் சிவப்பும் பொன்னும் மின்ன மாட்டப்பட்டிருந்தது. டர்னர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்ணத்தட்டோடு வந்து, தம் கடலின்மேல் ஷில்லிங் நாணயத்தைவிடச் சற்றே பெரிய செம்பொட்டு ஒன்றை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். ‘டர்னர் வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார்’ என்றாராம் கான்ஸ்டபிள். பிறகு டர்னர் திரும்பி வந்து அந்தப் பொட்டை மிதவையாக வடிவமைத்தார். இதைப் போட்டிக் கதையாகச் சொல்வதே வழக்கம். என் பார்வையில், தம் படத்துக்கு என்ன குறை என்பதை டர்னர் பக்கத்துச் சுவரைப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆகவே கூடத்தின் சுவர் அளவுகளை இப்போதே கேட்டு வாங்கி, உங்கள் படங்களைச் சிறு அச்சுகளாக எடுத்து, அதே விகிதத்தில் ஒரு தாளில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

நெருக்கி மாட்டுவதை நான் முற்றாக மறுக்கிறேன். அந்நாளில் பாரிஸில் நடந்த சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் தரையிலிருந்து கூரைவரை படங்களை அடுக்கினார்கள். மேலே போன படத்தை யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை. 1874இல் நாடார் என்ற பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞரின் பழைய கூடத்தில் மோனேயும் ரெனுவாரும் டெகாவும் நண்பர்களோடு சேர்ந்து தாங்களே கண்காட்சி நடத்தியபோது, வரிசைகளைக் குறைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு ஒரே வரிசை போதும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

தலைப்பு கட்டாயம் வேண்டும். அந்த 1874 கண்காட்சியின் பட்டியலுக்காகப் பெயர் கேட்டபோது, லெ ஆவ்ர் துறைமுகக் காட்சி ஒன்றுக்கு, ‘மனப்பதிவு’ (இம்ப்ரெஷன்) என்று போடுங்கள் என்றார் மோனே. விமர்சகர் லெருவா அந்தச் சொல்லை வைத்தே கேலி செய்து எழுத, இம்ப்ரெஷனிசம் என்று ஓர் ஓவிய இயக்கத்துக்கே அது பெயராகிவிட்டது. நீங்கள் பெயர் வைக்காவிட்டால் கூடத்தாரோ செய்தியாளரோ ஏதாவதொன்றை வைத்து அழைப்பார்கள். விளக்கமாக எழுத வேண்டியதில்லை. இடத்தின் பெயரோ பொழுதின் பெயரோ போதும்.

மதுரையிலிருந்து புறப்படும் முன், ஒவ்வொரு படத்தின் பின்புறமும் உங்கள் பெயர், தலைப்பு, ஆண்டு, அளவு ஆகியவற்றை எழுதிவிடுங்கள். துணியில் எழுதினால் நாளடைவில் மை முன்பக்கம் ஊறி வரக்கூடும். மரச்சட்டத்தின்மேல் பென்சிலால் எழுதுங்கள்.