பஸ் காசைக் குறைத்தால் மட்டக்களப்பு ரவுணுக்குச் சனம் பஸ்ஸில் வருமா?

மட்டக்களப்பு ரவுணுக்கு வரும் பஸ்களில் ஒரு சில மாதம் கட்டணத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று போன கிழமை எழுதியிருந்தேன். நிறையப் பேர் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருந்தவன் என்ற முறையிலும், மற்ற நாடுகளில் நடந்ததைத் தேடிப் படித்தவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன்.

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி: வேறு எங்கேயாவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா அண்ணன்?

நிறைய இடத்தில், தம்பி. ஜெர்மனியில் 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதத்துக்கு 9 யூரோ கட்டினால் நாடு முழுக்க உள்ளூர் பஸ், ரயில் எல்லாவற்றிலும் போகலாம் என்றார்கள். 5 கோடிச் சீட்டுக்கு மேல் விற்றது. நியூசிலாந்து 2022 ஏப்ரலில் கட்டணத்தைப் பாதியாக்கி 2023 ஜூன் வரை வைத்திருந்தது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2024 ஆகஸ்டில் எவ்வளவு தூரம் போனாலும் 50 சதம் என்று ஆறு மாதத்துக்குத் தொடங்கினார்கள். இடையில் தேர்தல் வந்தது. பெரிய கட்சிகள் இரண்டும் இதைத் தொடருவோம் என்றன, இப்போது அது நிரந்தரம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு கடைக்காரர்: காசு குறைந்தால் மோட்டார் சைக்கிளை வைத்துவிட்டுச் சனம் பஸ்ஸில் ஏறுமா?

எல்லாரும் ஏறமாட்டார்கள் நானா. எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2013 முதல் நகரவாசிகளுக்கு பஸ் இலவசம். புதிதாக ஏறியவர்களில் அதிகம் பேர் முன்பு நடந்து போனவர்கள்தான். கார் ஓட்டம் கொஞ்சம்தான் குறைந்தது. 10 வீதம் கட்டணம் குறைந்தால் 3 வீதமளவில் பயணிகள் கூடுவார்கள் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு.

எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. புருஷன், பெண்சாதி, பிள்ளை மூன்று பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ரவுணுக்கு வந்து போனால் பெற்றோல் செலவு ஒன்றுதான். பஸ்ஸில் வந்தால் ஆளுக்கொரு டிக்கட். அதனால் நான் பரீட்சித்துப் பார்க்கச் சொல்வது குடும்ப டிக்கட்டை: இரண்டு பெரியவர்களின் காசில் பிள்ளைகளும் போய் வரலாம் என்று வைத்துப் பாருங்கள். தலைக்கு ஐந்து ரூபா குறைப்பதைவிட அது உங்கள் கடைக்கு ஆட்களைக் கொண்டுவரும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தனியார் பஸ் உரிமையாளர்: டீசல் விற்கும் விலையில், குறையும் காசை யார் தருவது?

நீங்கள் கேட்பது நியாயம் ஐயா. 2022 தொடக்கத்தில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த கட்டணம் அந்த ஜூலையில் 40 ரூபாவானதை நாம் மறக்கவில்லை. கட்டணத்தைப் பாதியாக்கினால் ஆட்கள் இரட்டிப்பாக வேண்டும், அப்போதுதான் பழைய வசூல் வரும். மேலே சொன்ன கணக்குப்படி அது நடக்காது. ஆகவே பொதுப்பணம் வராமல் இதைத் தொடங்கவே கூடாது. பாடசாலைப் பிள்ளைகளின் சீசன் டிக்கட்டில் பிள்ளை சிறு பங்கைக் கட்ட, மீதியை அரசு இ.போ.சபைக்கு (இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு) கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் காசில்லை, ஆனால் ஏறுகிற பெண்ணுக்கு நடத்துனர் ஒரு டிக்கட் கிழித்துக் கொடுக்கிறார். அந்த எண்ணிக்கை அரசு பணம் கொடுக்க உதவுகிறது. உங்களுக்கு, ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கொடுத்தால் நல்லது. அப்போது ஆள் நிரம்பும் வரை தரிப்பிடத்தில் காத்து நிற்க வேண்டியதில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி: வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் பஸ்ஸே குறைவு. காசு குறைந்து என்ன பயன்?

தங்கச்சி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதவே தொடங்கினேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தோம். பாலம் வந்தும், பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஓட்டோதான். ஆஸ்பத்திரியில் கிளினிக் முடிந்து மருந்துக்கு வரிசையில் நிற்கும் அம்மா ஒருவருக்கு, போகும்போது மிச்சம் பிடித்த காசு திரும்பும்போது பத்து மடங்காகப் போய்விடும். படுவான்கரைக்கு முதலில் இரவு ஏழு மணிக்கு நிச்சயமாக ஓடும் ஒரு பஸ்ஸைப் போடட்டும். கட்டணக் குறைப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு எடுத்தால் நான் சந்தோஷமாக ஒத்துக்கொள்வேன்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: பலன் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ண வேண்டும் மகள். தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதமும் ஒவ்வொரு பஸ்ஸிலும் எத்தனை பேர், எந்த நேரத்தில் என்று எழுதி வைக்க வேண்டும். மாமாங்கத் திருவிழா நாட்களிலோ கொக்கட்டிச்சோலைத் தேர் நாட்களிலோ தொடங்கக் கூடாது, அப்போது காசு எவ்வளவானாலும் பஸ் நிறையும். மாரியும் வேண்டாம், வெள்ளம் வந்தால் பாதி ரோட்டில் பஸ் ஓடாது. கல்முனை றோட்டில் காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம். அந்த நேரத்தில் எப்படியும் இருக்கைகள் வெறுமையாக இருக்கும், செலவும் குறைவு. ஏறியவர்களிடம் "முன்பு எதில் வந்தீர்கள்?" என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். அதைக் கேட்டு எழுத உங்கள் மாணவர்கள் ஒரு இருபது பேர் வருவார்களா?