ஹூஸ்டனில் பச்சை பிடித்த சுவரும் எச்ஓஏ கடிதமும்

தம்பி, நீங்க கேட்டதை மற்றவங்களுக்கும் புரியற மாதிரி சுருக்கிடறேன். ஹூஸ்டன் புறநகர் கேட்டி பக்கம் முதல் வீடு வாங்கி ஒரு வருஷம் ஆகுது. வடக்குச் சுவர் பச்சை பூத்திருக்கு, டிரைவ்வே (வாசலுக்குக் கார் வர்ற கான்கிரீட் பாதை) கறுத்துப் போச்சு, உடனே சுத்தம் பண்ணச் சொல்லி எச்ஓஏவிலிருந்து, அதாவது அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து, கடிதம் வந்திருக்கு. கடையில் தண்ணியை வேகமா பீச்சற பிரஷர் வாஷர், 3000 பிஎஸ்ஐ அழுத்தம் உள்ளது ஒண்ணு பார்த்து வச்சிருக்கீங்க. அதை வாங்கலாமா, இல்லை மேலேயே பெயிண்ட் அடிச்சு மூடிடலாமா? சென்னையும் ஈரமான ஊர்தானே, அங்க இல்லாத தொல்லை இங்க ஏன்?

முதல்ல கடிதம். பயப்படாதீங்க. டெக்சஸ் சட்டப்படி இந்த மாதிரி சரிசெய்யக்கூடிய விஷயத்துக்கு அபராதம் போடறதுக்கு முன்னாடி எழுத்தில் தெரிவிச்சு, நியாயமான அவகாசமும் கொடுக்கணும். இன்னிக்கே ஒரு போட்டோ எடுத்து, "வேலையை ஆரம்பிச்சுட்டேன், இன்ன தேதிக்குள் முடிப்பேன்"னு மெயில் போட்டுடுங்க. பெரும்பாலும் அத்தோட அடங்கிடும். பதிலே போடாம இருந்தாத்தான் வம்பு.

சென்னையிலும் பாசி பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சதும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தா தெரியும், கறுத்துத்தான் கிடக்கும். ஆனா அங்க மே முதல் ஆகஸ்ட் பாதி வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாயும்; வடக்குச் சுவரும் காஞ்சுடும். ஹூஸ்டன் கிட்டத்தட்ட 30 டிகிரி வடக்கில் இருக்கு. இங்க உச்சிச் சூரியன் வருஷம் பூரா தெற்கில்தான். கோடையில் காலையும் சாயங்காலமும் கொஞ்சம் சாய்வெயில் படறதோட சரி. அதுக்கு மேல ஓக் மர நிழல், பக்கத்து வீட்டு வேலி. இன்னொண்ணு, ஊர்ல அடிக்கிற சுண்ணாம்பின் காரத்துக்கே பாசி சீக்கிரம் வராது. இங்க சுவர்ல இருக்கிறது வெறும் பெயிண்ட்.

அதனால அது தூசி, அழுக்கு இல்லை. உயிரோட இருக்கிற பாசி. எவ்வளவு வேகமா பீச்சினாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தாக்கூட மூணு மாசத்துல திரும்ப வரும். அதைக் கொல்லணும், அப்புறம் ஈரம் எங்கிருந்து வருதுன்னு பார்த்து நிறுத்தணும். பெயிண்ட் கதையும் இதேதான்: பாசி மேல அடிச்சா பிடிக்காது, உரிஞ்சு வரும்.

உங்க வீடு முன்னாடி செங்கல், பக்கவாட்டில் ஹார்டி பலகைன்னு நினைக்கிறேன், அந்தப் பக்கத்து வீடுகள் அநேகமா அப்படித்தான். அந்தப் பலகை சிமெண்ட்டும் மரநாரும் கலந்தது. பிரஷர் வாஷரைக் கீழிருந்து மேலா பிடிச்சா, பலகை ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கிற இடுக்குக்குள்ள தண்ணி நேரா போயிடும். வெளியே பளிச்சுன்னு இருக்கும், உள்ளே பூஞ்சை கிளம்பும். இதுக்குத் தோட்டத்து ஹோஸ், கைப்பம்பு, நீளக் கைப்பிடி போட்ட மெத்துப் பிரஷ், இது போதும். ஒரு கேலன் தண்ணிக்கு ஒரு கப் ப்ளீச், பாத்திரம் கழுவற சோப்பு சில சொட்டு. வாசனை போட்ட ப்ளீச், தெறிக்காதுன்னு விற்கிற கெட்டி ப்ளீச் ரெண்டும் வேண்டாம். கேரேஜில் போன வருஷத்துப் பாட்டில் இருந்தா அதையும் நம்பாதீங்க. இந்தச் சூட்டுக்கு வீரியம் இறங்கியிருக்கும்.

காலையிலேயே, சுவரில் வெயில் படாதப்ப பண்ணுங்க. செடிகளை முதல்ல நல்லா நனைச்சுடுங்க. கலவையைக் கைப்பம்பால மெதுவா, சுவர் அடியில் ஆரம்பிச்சு மேல போய்க்கிட்டே அடிங்க, மேலிருந்து அடிச்சா கோடு கோடா வழிஞ்ச தடம் நின்னுடும். பத்து நிமிஷம் ஊறட்டும், காய விடாதீங்க. பச்சை வெளுத்துப் பழுப்பாகறது கண்ணுக்கே தெரியும். அப்புறம் மேலிருந்து கீழா கழுவி, செடிகளுக்கும் இன்னொரு தடவை தண்ணி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கோங்க. வீட்டில் யாராவது "கொஞ்சம் வினிகரும் ஊத்துங்க"ன்னு சொல்வாங்க. ப்ளீச்சோட வினிகரோ அம்மோனியாவோ சேர்ந்தா விஷவாயு வரும். கூடவே கூடாது.

செங்கல்லில் வெள்ளையா பொடி பூத்திருந்தா அது பாசி இல்லை, உப்பு. காஞ்ச பிரஷால தேய்ச்சா போதும். இன்னொரு விஷயம், நம்ம ஆளுங்க நிறைய பேர் பண்றது: செங்கல் சுவரின் அடியில் வரிசையா சின்ன இடைவெளி இருக்கும். "பல்லி வரும், கரப்பான் வரும்"னு அதை சிமெண்ட் வச்சு அடைச்சுடுவாங்க. செங்கலுக்குப் பின்னாடி இறங்கற தண்ணி வெளியேற இருக்கிற வழி அது. பூச்சிக்குப் பயமா இருந்தா அதுக்குன்னே சல்லடை மூடி விற்கிறாங்க, அதைப் போடுங்க.

டிரைவ்வேக்கு பிரஷர் வாஷர் சரி. ஆனா வாங்காதீங்க, ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. வட்டமா தட்டு மாதிரி இருக்கிற சர்ஃபேஸ் கிளீனரையும் சேர்த்துக் கேளுங்க, இல்லாட்டி கோலம் போட்ட மாதிரி வரிவரியா நிக்கும். தண்ணி பீச்சற முனை, அதான் நாஸில், சிவப்பு நிறத்தில் இருந்தா அது பக்கமே போகாதீங்க, அது கான்கிரீட்டையே கீறும். பச்சையோ வெள்ளையோ போதும்.

இவ்வளவும் பண்ணிட்டு, புல்லுக்குத் தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளரை அப்படியே விட்டா அத்தனையும் வீண். ஒரு நாள் விடிகாலையில் அது ஓடும்போது வெளியே போய் நில்லுங்க. சுவரில் தண்ணி அடிக்கிற உயரமும் பச்சை பிடிச்ச உயரமும் ஒண்ணா இருந்தா குற்றவாளி அதுதான். ஸ்பிரிங்க்ளர் தலையைச் சுவர்ல படாம திருப்பிவிடுங்க. சுவரை ஒட்டின புதரை ஒரு அடியாவது தள்ளி வெட்டுங்க. கூரைத் தண்ணி நேரா மண்ணில் விழுந்து சுவரில் தெறிச்சா, அந்தப் பக்கம் மட்டுமாவது கூரை விளிம்பில் தண்ணியைப் பிடிச்சு இறக்கற கட்டர் (gutter) போடுங்க.

அடுத்த வருஷத்திலிருந்து ஏப்ரல் கடைசியில் கழுவுங்க. அதுக்கு முன்னாடி கழுவினா ஓக் மகரந்தம் வந்து எல்லாத்தையும் மஞ்சளாக்கிடும். ஜூன் வந்தா புயல் பருவம்.

கூரையில் தெரியற கறுப்புக் கோடு வேற ஜாதி. ஷிங்கிளில், அதாவது கூரை மேல ஓடு மாதிரி அடுக்கியிருக்கிற தகடுகளில், கலந்திருக்கிற சுண்ணாம்புக்கல் பொடியைத் தின்னு வளர்ற நுண்ணுயிர் அது. தகரப் புகைக்குழாய்க்கு நேர் கீழே மட்டும் கூரை சுத்தமா இருக்கும் பாருங்க. மழையில் கரைஞ்சு வர்ற துத்தநாகம் அதை அண்டவிடாது. நீங்க ஏணி போட்டு ஏற வேண்டாம். ஆள் கூப்பிட்டா "சாஃப்ட் வாஷா?" (அழுத்தம் இல்லாம மெதுவா கழுவறது)ன்னும், இன்சூரன்ஸ் இருக்கான்னும் கேளுங்க. கூரையில் பிரஷர் அடிக்கிறேன்னு சொன்னா அனுப்பிடுங்க, ஷிங்கிள் மேல இருக்கிற மணல் மொத்தமும் கொட்டிடும். கடிதத்தில் கூரையைப் பத்தி ஒண்ணும் சொல்லலைன்னா இந்த வருஷம் அதைத் தொடாதீங்க, சுவரையும் டிரைவ்வேயையும் முடிச்சுப் படம் அனுப்பினா போதும்.