இன்டரப்ட் அழுத்தியும் நிற்கவில்லையா? எந்த பிரேக்கை எப்போது பிடிப்பது

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. ஆர்டர் கொடுப்பவர்களிடம் காட்ட, எழுத்தில் சொன்னதைப் படமாக்கும் ஏஐ மென்பொருளான ஸ்டேபிள் டிஃப்யூஷனில் டிசைன் படங்கள் எடுக்கிறேன். அதை பிரவுசரில் இயக்க ஆட்டோமேட்டிக் 1111 வெப்யூஐ, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. போன வாரம் 'இன்டரப்ட்' அழுத்த அழுத்த, மறுபடி மறுபடி ஓடிக்கொண்டே இருந்தது. பிரவுசர் டேபை மூடியும் ஃபேன் சத்தம் அடங்கவில்லை. கடைசியில் அப்பா சுவரில் இருந்த ஸ்விட்சையே அணைத்துவிட்டார். சட்டென்று நிறுத்த வழி என்ன? அப்பா செய்தது தப்பா?

பதில்: 'மறுபடி மறுபடி' என்று எழுதினீர்கள் பாருங்கள், அதில்தான் விடை இருக்கிறது. ஜெனரேட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் 'ஜெனரேட் ஃபாரெவர்' என்று ஒன்று வரும். தெரியாமல் அது விழுந்திருக்க வேண்டும். அது ஓடும்போது இன்டரப்ட் அழுத்தினால் அப்போதைய படம் மட்டும் நிற்கும். அடுத்த நொடியே புதியது தொடங்கும். அதே இடத்தில் மறுபடி ரைட் கிளிக் செய்து 'கேன்சல் ஜெனரேட் ஃபாரெவர்' கொடுத்துவிட்டு, பிறகு இன்டரப்ட் அழுத்துங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'ஸ்கிப்' வேறு வேலை செய்வது: கையில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு வரிசையில் அடுத்ததற்குப் போகும். பதற்றத்தில் பலரும் இதைத்தான் அழுத்துகிறார்கள். புதிய பதிப்புகளில் இன்டரப்டுக்கு எஸ்கேப் கீயே போதும்.

அப்படி அழுத்தினாலும் உடனே நிற்காது. உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். உருக்கிய வெள்ளியை அச்சில் ஊற்றத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியுமா? அந்த அச்சை முடித்துவிட்டு, அடுத்ததை எடுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். படமும் 20, 30 ஸ்டெப்பாகத்தான் உருவாகிறது. ஒரு ஸ்டெப் முடிந்ததும்தான் 'நிறுத்தச் சொன்னார்களா?' என்று மென்பொருள் பார்க்கும். நன்றாக ஓடும் கார்டில் இது ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் கடைசியில், கணக்காக இருப்பதைக் கண்ணுக்குத் தெரியும் படமாக மாற்றும் கட்டம் நடக்கும்போது அழுத்தினால், அது முடியும்வரை பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு; பெரிய அளவில் படம் எடுப்பவர்களை இதுதான் அதிகம் படுத்துகிறது. கார்டின் 12 ஜிபி நினைவகமும் நிரம்பிவிட்டால், 2023-லிருந்து வரும் என்விடியா டிரைவர்கள் விண்டோஸில் மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைத்துக்கொள்கின்றன. வேலை நிற்காது, ஆனால் ஆமையாக நகரும். ஒரு ஸ்டெப்புக்கே நிமிடக்கணக்கு ஆனால், இன்டரப்ட் செத்துப்போன மாதிரிதான் தெரியும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'மேனேஜ் 3டி செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய், 'கூடா சிஸ்மெம் ஃபால்பேக் பாலிசி' என்பதை 'பிரெஃபர் நோ சிஸ்மெம் ஃபால்பேக்' என்று மாற்றிவிடுங்கள். இடம் போதாவிட்டால் எரர் காட்டி நின்றுவிடும். இழுத்துக்கொண்டு கிடப்பதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

டேபை மூடி ஏன் பயனில்லை? பிரவுசரில் தெரிவது வெறும் கவுன்டர். பட்டறை, வெப்யூஐயைத் தொடங்கும்போது பின்னால் திறக்கும் அந்தக் கறுப்பு விண்டோவில் ஓடுகிறது. டேபை மூடினால் ஜெனரேட் ஃபாரெவர் புதிதாக வேலை கொடுப்பது நிற்கும்; ஏற்கெனவே கொடுத்த வேலை முடியும்வரை ஓடும். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் இப்படித்தான், ஒரே தடவையில் நிறையப் படங்களுக்குக் கொடுத்திருந்தும் டேபை மூடிவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். காலையில் ஃபோல்டர் முழுக்கக் காபித் தோட்டப் படங்கள்! பட்டன் எதுவும் கேட்காதபோது அந்தக் கறுப்பு விண்டோவைக் கிளிக் செய்து கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். 'டெர்மினேட் பேட்ச் ஜாப்' என்று கேட்டால் ஒய் கொடுத்து என்டர் தட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கார்டைத் தின்றுகொண்டிருக்கும் பைத்தானுக்கு (வெப்யூஐ அதில்தான் ஓடுகிறது) 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். நீங்கள் கேட்ட, சட்டென்று நிறுத்தும் வழி இதுதான். கார்டின் நினைவகமும் அதோடு காலியாகிவிடும்.

இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான காம்ஃபியூஐ பக்கம் போனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ரன் பட்டனைப் பத்து முறை தட்டியிருந்தால் பத்தும் வரிசையில் நிற்கும். ஓடுவதை நிறுத்தினால் போதாது, வரிசையையும் காலி செய்ய வேண்டும்.

இனி அப்பாவின் ஸ்விட்ச். மாடல் ஃபைல் (படம் உருவாக்கக் கற்றதெல்லாம் இருக்கும் பெரிய ஃபைல்) கெட்டிருக்குமோ என்று பயப்பட வேண்டாம். படம் எடுக்கும்போது அதிலிருந்து படிக்கத்தான் செய்கிறது, அதில் எதையும் எழுதுவதில்லை. அந்த நொடியில் சேமித்துக்கொண்டிருந்த படம் ஒன்று திறக்காமல் போகலாம், அதை அழித்துவிடுங்கள். ஆனால் விண்டோஸும் டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால் இதைப் பழக்கமாக்கக் கூடாது. கரண்ட் பில் பயத்தில் அணைத்தார் என்றால், கார்டு 170 வாட். மொத்த சிஸ்டமும் 300 வாட் என்றே வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட்கூட வராது என்று சொல்லுங்கள். சூடு ஏறினாலும் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கருகல் வாடையோ புகையோ வந்தால் மட்டும் எந்தக் கீயையும் தேடாதீர்கள். அப்பா செய்ததையே செய்யுங்கள்.