பெயரை அழித்துவிட்டால் போதுமா?

(இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசு மருத்துவமனை ஒன்றின் மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இப்போது வேறொரு கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழுவில் (ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் குழு) பொதுமக்கள் தரப்பு உறுப்பினர். அவர் கேட்டுக்கொண்டபடி, கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.)

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காசநோய் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை எவ்வளவு தாமதம் ஆகிறது, ஏன் ஆகிறது என்பதுதான் என் தீசிஸ். 120 நோயாளிகளின் விவரத்தை எக்செலில் ஏற்றிவிட்டேன். பெயர்களை அழித்துவிட்டால் போதும் என்கிறார்கள். போதுமா அம்மா?
– மாணவி, திருநெல்வேலி மாவட்டம்

போதாதம்மா. இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை.

பல வருடங்களுக்கு முன் எங்கள் மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய ஒரு எச்.ஐ.வி. ஆய்வின் அறிக்கை அச்சாகி வந்தது. அதில் கிராம வாரியாக ஒரு அட்டவணை. அதைத் தட்டச்சு செய்ததும் கூட்டல் பார்த்ததும் நான்தான். ஒரு வரியில் ஊர்ப் பெயர், பெண், வயது 30–34, கணவரை இழந்தவர், தொழில் தையல், எண்ணிக்கை 1 என்று இருந்தது. கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். நாலைந்து மாதம் கழித்து எங்கள் அறை ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அந்த வரியில் விரலை வைத்து, "என் பேரு இதுல இல்லைதாங்க. ஆனா எங்க ஊர்ல தையல் மெஷின் என்கிட்ட மட்டும்தானே இருக்கு?" என்றார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தவர்கள் எல்லாம் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த 1-ஐ அடித்தது என் கை.

உலகத்துக்கே இது தெரிந்த கதைதான். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனை விவரங்களைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதி சொன்னார். அப்போது எம்.ஐ.டி.யில் மாணவியாக இருந்த லட்டன்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த தேதி அந்த நகரில் ஆறு பேருக்கு இருந்தது. அதில் மூவர் ஆண்கள். அஞ்சல் குறியீடும் பொருந்தியது ஒரே ஒருவருக்கு. ஆளுநரின் மருத்துவ விவரம் அவர் கைக்கு வந்துவிட்டது. நம் ஊரில் அந்த 20 டாலர்கூட வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சரி, உங்கள் எக்செலுக்கு வருவோம். முதலில் நி-க்ஷய் எண்ணை, அதாவது அரசின் காசநோய்ப் பதிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் தரும் எண்ணை, நீக்கிவிடுங்கள். அது பெயருக்குச் சமம். 001, 002 என்று நீங்களே ஆய்வு எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். அந்த எக்செல் இருக்கும் லேப்டாப்பில் வேண்டாம். பிறந்த தேதி எதற்கு? வயதுப் பிரிவு போதும். அறிகுறி தெரிந்த தேதி, மருந்து தொடங்கிய தேதி இரண்டையும் வைத்திருப்பீர்கள். உங்கள் கேள்விக்கு வேண்டியது தேதியா, நாட்களின் எண்ணிக்கையா? கழித்துப் பார்த்து எண்ணிக்கையை எழுதிக்கொண்டு தேதிகளை நீக்கிவிடுங்கள். கிராமப் பெயருக்குப் பதில் ஒன்றியம், அல்லது கிராமம்/நகரம் என்று மட்டும் இருக்கட்டும்.

தொழில் விஷயத்தில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். பீடி சுற்றும் பெண்கள் உங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அதை அப்படியே எழுதலாம். ஊராட்சித் தலைவர் என்று எழுதினால் அந்த ஊருக்கு ஒருவர்தான். அட்டவணையில் எந்தக் கட்டத்திலாவது ஒன்று, இரண்டு என்று வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் விவரங்களைப் பயன்படுத்துகிறவர்கள் 11-க்குக் குறைந்த எண்ணிக்கையை வெளியிடக் கூடாது என்று விதியே இருக்கிறது. 120 பேர் உள்ள உங்கள் ஆய்வுக்கு அது கடினம். 5-ஐயாவது எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் எக்செலில் தேட மாட்டார்கள். காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம், சானடோரியத்தில் படுத்தே ஆக வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்தது நம் சென்னைதான். 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 1959-ல் அந்த முடிவை வெளியிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது வரம். ஆனால் மருந்து வீட்டுக்கு வந்தபோது ஆய்வும் வீட்டுக்கு வந்தது. போர்டு மாட்டிய ஜீப் ஒரு வாசலில் அரைமணி நேரம் நின்றால், அந்தத் தெருவுக்கு வேறு அறிக்கை தேவையில்லை. அதனால் வாகனத்தைத் தள்ளி நிறுத்துங்கள். அதைவிட, எங்கே சந்திக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். ஃபோன் செய்தால் யார் பேசுகிறார்கள் என்று தெரியும்வரை நோயின் பெயர் உங்கள் வாயில் வரக் கூடாது. பல வீடுகளில் ஃபோன் மகனிடமோ மருமகளிடமோதான் இருக்கும்.

கேள்வி: எனக்கு சர்க்கரையும் பிரஷரும் உண்டு. மாதாமாதம் மாத்திரை கொண்டுவந்து தரும் பெண்ணே, போன வாரம் டேப்லெட்டில் நிறைய கேள்வி கேட்டு, ஆதார் எண்ணும் கேட்டாள். ஏதோ ஆய்வாம். சொல்லவில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்று சொல்லிவிட்டேன். தப்பா?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு உங்களைப் போல லட்சக்கணக்கானவர்களுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவருபவரே ஆய்வுக் கேள்வியும் கேட்டால், மறுக்க யாருக்கு மனசு வரும்? ஆய்வு நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. மாத்திரை தருபவர் ஒருவர், ஒப்புதல் கேட்பவர் இன்னொருவர் என்று வைப்பது பெரிய சிரமமில்லை.

அடுத்த முறை வந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இது என் மருந்துக்கா, உங்க ஆய்வுக்கா?" ஆய்வுக்கு என்றால் தமிழில் எழுதிய தகவல் தாள் தர வேண்டும். யார் நடத்துகிறார்கள், எதற்கு, உங்கள் விவரம் எங்கே போகும், சந்தேகம் வந்தால் எந்த எண்ணில் கேட்பது என்று அதில் இருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சை குறையக் கூடாது என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஏற்கெனவே கொடுத்த ஆதார் எண்ணை நீக்கச் சொல்லியும் கேட்கலாம். ஒரு ஆய்வுக்கு ஆதார் எண் எதற்கு என்று எங்கள் குழுவில் நான் கேட்காத கூட்டமே இல்லை.

கேள்வி: பத்து வருடத்துப் பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்து ஒரு ஆய்வு செய்ய நினைக்கிறேன். ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்குவது நடக்காத காரியம். விட்டுவிடலாமா?
– உதவிப் பேராசிரியர், மதுரை

அடையாளம் நீக்கிய பழைய பதிவேடுகளுக்கு ஒப்புதலிலிருந்து விலக்கு கிடைக்கும். ஆனால் அதைக் கொடுக்க வேண்டியது நெறிமுறைக் குழு. தேவையில்லை என்று நீங்களே முடிவு செய்துகொண்டு ரெக்கார்டு அறைக்கு வரக் கூடாது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் ஆய்வுக்கு விலக்கு உண்டு. அந்த விவரத்தை வைத்துத் தனி ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வகுத்த தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. கேஸ் ஷீட்டில் எச்.ஐ.வி. முடிவு இருந்தால் 2017-ன் தனிச் சட்டம் இருக்கிறது, அது இன்னும் கண்டிப்பானது. அப்புறம், தயவுசெய்து கேஸ் ஷீட்டை மொபைலில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மாணவர்களுக்கு அனுப்பாதீர்கள். உட்கார்ந்து, வேண்டியதை மட்டும் படிவத்தில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆய்வு விவரங்கள் இருந்த பென்டிரைவை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். பெயர்ப் பட்டியலும் அதில்தான். கைடுக்குச் சொன்னால் என் படிப்பே போய்விடும் என்று பயமாக இருக்கிறது.
– ஆய்வு மாணவர், ஊர் வேண்டாம்

இன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி. அதில் என்னென்ன இருந்தது, எத்தனை பேருடையது, பாஸ்வேர்டு இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு முதலில் கைடிடம் போங்கள். பிறகு இருவரும் சேர்ந்து நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். மறைத்தவர்களைத்தான் எங்கள் குழு கடுமையாகப் பார்த்திருக்கிறது. ஓடி வந்து சொன்னவர்களோடு உட்கார்ந்து வழி தேடியிருக்கிறோம்.

பெயர்ப் பட்டியலும் போயிருப்பதால் அந்த நோயாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அது உங்களுக்கு வரும் திட்டைவிடப் பெரிய விஷயம். நாளை யாராவது அவர்கள் பெயரைச் சொல்லி ஃபோன் செய்தால், எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழு சரி என்றதும் ஒவ்வொருவரிடமும் நேரில், அல்லது ஃபோனில் பேசுங்கள். எஸ்.எம்.எஸ். வேண்டாம். எடுப்பவர் வேறு யாராவது என்றால், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.