ஒன்டாரியோ வீட்டு வரி: எதை எதிர்த்து மனுப் போடலாம், எதை எதிர்க்க முடியாது

தருமபுரியிலிருந்து வந்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள மில்டனில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தம்பி கேட்டிருப்பது இதுதான்: வீட்டை 9,20,000 டாலருக்கு வாங்கினேன், மதிப்பீட்டு அறிவிப்பில் 4,52,000 என்று இருக்கிறது, ஆனாலும் வரி பக்கத்து வீட்டுக்காரரைவிட அதிகமாக வருகிறது, ஊரில் பில் கலெக்டரைப் பார்த்துப் பேசுவதுபோல இங்கே யாரைப் பார்ப்பது, மதிப்பு பாதியாக இருப்பதைச் சொல்லப்போய் வம்பை விலைக்கு வாங்கிக்கொள்வேனோ?

தம்பி, அந்தக் கடைசிப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். 4,52,000 என்பது உங்கள் வீட்டின் இன்றைய விலை அன்று. 2016 ஜனவரி 1 அன்று இந்த வீடு சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று, மாகாணத்தின் சொத்து மதிப்பீட்டு நிறுவனமான எம்பேக் (MPAC) கணித்த தொகை அது. மாகாணம் முழுவதற்கும் 2020-இல் நடந்திருக்க வேண்டிய மறுமதிப்பீடு பெருந்தொற்றுக் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டதால், எல்லா வீடுகளும் அந்த ஒரே நாளின் கணக்கிலேயே நிற்கின்றன. ஆகவே நீங்கள் கொடுத்த விலையைக் காட்டி யாரும் உங்கள் மதிப்பை இந்த ஆண்டு உயர்த்திவிடப் போவதில்லை. அதே காரணத்தால் விற்பனைப் பத்திரத்தைக் காட்டி அதைக் குறைக்கவும் முடியாது.

யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் இப்போது விடுமுறையில் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். அம்மாவின் சொத்து வரி ரசீது மேசைமேல் கிடக்கிறது. இங்கே நகராட்சியே கட்டடத்தின் பரப்பையும் வட்டாரத்தையும் பயன்பாட்டையும் பார்த்து மதிப்பைப் போடுகிறது, அதே நகராட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வரியையும் வசூலிக்கிறது. கணக்கில் குறை இருந்தால் ஆணையருக்கு மனு எழுதுகிறோம். 2022-இல் தமிழ்நாடு அரசு 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதமும், 1,800-க்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதமும் நகராட்சிகளில் உயர்த்தியபோதுகூடக் கேள்வி முழுவதும் அந்த ஒரே அலுவலகத்துக்குத்தான் போயிற்று. ஒன்டாரியோவில் அந்த இரண்டு வேலையும் இரண்டு கைகளில் இருக்கின்றன. மதிப்பைப் போடுவது எம்பேக். விகிதத்தை நிர்ணயித்து வசூலிப்பது நகர மன்றம். மில்டன் நகர அலுவலகத்தில் போய் நின்று மதிப்பு அதிகம் என்றால், அது எங்கள் வேலை இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எம்பேக்கிடம் வரி அதிகம் என்றாலும் அதே பதில்தான் கிடைக்கும்.

வரி எப்படிப் பிறக்கிறது என்பதை நம் ஊர் மாரியம்மன் திருவிழாவை வைத்துப் புரிந்துகொள்ளலாம். முதலில் செலவு இவ்வளவு என்று பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், பிறகுதான் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். நகர மன்றமும் பட்ஜெட்டை முதலில் முடித்துவிட்டு, அந்தத் தொகையை வீடுகளின் மதிப்புக்கு ஏற்றபடி பங்கிடுகிறது. எனவே எல்லா வீடுகளின் மதிப்பும் ஒரே அளவில் ஏறினால் அதனால் மட்டும் உங்கள் வரி ஏறாது. அக்கம்பக்கத்தைவிட உங்கள் மதிப்பு கூடுதலாக நின்றால்தான் உங்கள் பங்கு வீங்கும். உங்கள் பில்லில் நகரம், மில்டன் அடங்கிய ஹால்டன் பிராந்தியம், கல்வி என மூன்று பகுதிகள் இருக்கும். கல்விக்கான விகிதத்தை மாகாண அரசு வைக்கிறது. சில ஆண்டுகளாகக் குடியிருப்புகளுக்கு அது 0.153 சதவீதம். உங்கள் மதிப்புக்கு ஏறத்தாழ 690 டாலர். இந்த விகிதங்கள் எதையும் தனியொருவராக எதிர்க்க இடமில்லை. எதிர்க்கக்கூடியது மதிப்பு ஒன்றுதான்.

அறிவிப்பில் 19 இலக்க ரோல் எண்ணும் ஒரு நுழைவுக் குறியீடும் இருக்கும். அவற்றைக் கொண்டு எம்பேக்கின் ‘அபவுட் மை ப்ராபர்ட்டி’ தளத்தில் பதிவு செய்தால், உங்கள் வீட்டைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருப்பதும், சுற்றியுள்ள வீடுகளின் மதிப்பும் கட்டணமின்றித் தெரியும். குடியிருப்பு மதிப்பில் சுமார் 85 சதவீதத்தை ஐந்து காரணங்கள் தீர்மானிக்கின்றன என்று எம்பேக் சொல்கிறது: இடம், மனையளவு, குடியிருப்புப் பரப்பு, கட்டடத்தின் வயது, கட்டுமானத் தரம். பரப்பை அவர்கள் வெளிச்சுவரை வைத்து அளப்பதால், உள்ளே நீங்கள் டேப் பிடித்து அளந்தது குறைவாக இருப்பதைத் தவறு என்று நினைத்து மனு எழுத வேண்டாம். தரைக்குக் கீழே இருக்கும் அடித்தளம் (பேஸ்மென்ட்) அந்தப் பரப்பில் சேராது. அது குடியிருக்க ஏற்றபடி முடிக்கப்பட்டதா, எவ்வளவு முடிக்கப்பட்டது என்பது தனியாகப் பதிவாகும்.

இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவருடைய வீட்டுப் பதிவில் அடித்தளம் முழுவதும் முடிக்கப்பட்டது என்றும், அங்கே ஒரு குளியலறை உண்டு என்றும் இருந்தது. உண்மையில் அங்கே இருந்தவை வெறும் கான்கிரீட் தரையும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும், குழாய் மட்டும் எட்டிப் பார்க்கும் ஒரு மூலையும்தான். முந்தைய உரிமையாளர் பெர்மிட் வாங்கியிருக்கிறார், வேலையைத் தொடங்காமலே வீட்டை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். நண்பர் நான்கு சுவர்களையும் படம் எடுத்து இணைத்து அனுப்பினார், மதிப்பு இறங்கியது. நீதிமன்றம், வழக்கறிஞர் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்கான வழிக்கு ‘ரிக்வெஸ்ட் ஃபார் ரீகன்சிடரேஷன்’, அதாவது எம்பேக்குக்கு எழுதும் மறுபரிசீலனை மனு, என்று பெயர். கட்டணம் கிடையாது. கடைசி நாள் உங்கள் அறிவிப்பிலேயே அச்சாகியிருக்கும்: அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 120 நாள், அந்த ஆண்டுக்கு அறிவிப்பே வரவில்லை என்றால் மார்ச் 31. மனுவில் வரி கட்டச் சிரமமாக இருக்கிறது, வட்டி ஏறிவிட்டது என்பவற்றையெல்லாம் எழுத வேண்டாம். அவை உண்மையாக இருந்தாலும் மதிப்புக்குத் தொடர்பில்லாதவை. எழுத வேண்டியவை இரண்டே வகை. பதிவில் உள்ள தகவல் தவறு என்பது ஒன்று. ஒத்த வீடுகளைவிட என் மதிப்பு கூடுதல் என்பது மற்றொன்று. ஒத்த வீடு என்றால் அதே தெருவில், அதே காலத்தில் கட்டப்பட்ட, பரப்பும் மனையும் கிட்டத்தட்ட ஒன்றான வீடு. மூலை மனையை நடு மனையோடும், தனி வீட்டை வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸோடும் ஒப்பிட்டால் முதல் வரியிலேயே மனு வலுவிழந்துவிடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையது டவுன்ஹவுஸா என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

எம்பேக்கின் முடிவு நிறைவாக இல்லையென்றால், அது வந்த 90 நாள்களுக்குள் மதிப்பீட்டு மறுஆய்வு வாரியத்தில் மேல்முறையீடு செய்யலாம். குடியிருப்பு உரிமையாளர் மறுபரிசீலனை மனுவைத் தாண்டி நேராக அங்கே போக முடியாது. வாரியத்துக்குக் கட்டணம் உண்டு. ஆனால் மதிப்பு சரியானதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி எம்பேக்கின் தலையில் இருக்கிறது. வரியைக் குறைத்துத் தருகிறோம், மிச்சமாவதில் பங்கு கொடுங்கள் என்று முகவர்கள் கடிதம் போடுவார்கள். சாதாரணக் குடும்ப வீட்டுக்கு அவர்கள் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். 100 டாலருக்கு 80 சென்ட் வரி என்று வைத்துக்கொண்டால், மதிப்பு 30,000 குறைந்தாலும் ஆண்டுக்கு மிச்சமாவது 240 டாலர். அதில் பங்கு பிரிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவைத் திறந்து பார்க்கச் சொன்னால் அவர்கள் முழுவதையும் பார்ப்பார்கள். உங்களிடம் முடிக்கப்பட்ட அடித்தளம் இருந்து பதிவில் அது இல்லாமல் இருந்தால், அதுவும் கணக்கில் ஏறக்கூடும். அப்படி விடுபட்டதற்கு நடப்பு ஆண்டோடு முந்தைய இரண்டு ஆண்டுகள் வரை பின்னோக்கியும் வரி கேட்கலாம். பில்டரிடம் புதிதாக வாங்கியவர்களுக்கும் இதே ஏற்பாட்டில்தான் பெரிய பில் வருகிறது, ஏனென்றால் முதலில் மனைக்கு மட்டும் வரி போட்டிருப்பார்கள்.

மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகப் பில்லைக் கட்டாமல் வைக்காதீர்கள். தவணை தவறினால் மாதத்துக்கு 1.25 சதவீதம் வரை நகரம் அபராதம் போடலாம். மதிப்பு குறைந்தால் கூடுதலாகக் கட்டியது திரும்பி வந்துவிடும். பதிவில் அடித்தளமும் குளியலறை எண்ணிக்கையும் சரியாக இருந்து, அதே தெருவின் ஒத்த வீடுகளும் உங்கள் தொகையை ஒட்டியே நின்றால், இந்த ஆண்டு மனுப் போட உங்களுக்குக் காரணம் இல்லை.