தசை மெலிவும் தசை மீட்சியும்: கேள்வி பதில்

கேள்வி: மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவருக்கும் தசை மெலிகிறது, டுஷென் தசைச்சிதைவு நோயிலும் மெலிகிறது. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. படுத்திருப்பவரின் தசையை ஆக்கும் நார்கள் பெரும்பாலும் மடிவதில்லை, சுருங்குகின்றன. நாரினுள் புரதம் உருவாவதைக் காட்டிலும் உடைபடுவது மிகுந்துவிடுகிறது. உடைக்கப்பட வேண்டிய புரதங்களுக்கு அடையாளமிடும் மர்ஃப்-1, அட்ரோஜின்-1 என்னும் இரு நொதிகளின் பங்கு 2001-இல் தெரியவந்தது. டுஷென் நோயிலோ, நாரின் உறையைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதமே மரபணுப் பிழையால் இல்லாததால், ஒவ்வோர் அசைவிலும் உறை கிழிந்து நார்களே மடிகின்றன.

கேள்வி: என் மகனுக்கு டுஷென் நோய். தசையைப் புதுப்பிக்கும் செல்கள் உடலிலேயே உண்டென்றால், அவனுடைய தசை ஏன் மீளவில்லை, ஐயா?

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இந்த ஆய்வுத்துறையின் மையக் கேள்வி. 1961-இல் அலெக்சாண்டர் மவுரோ என்ற ஆய்வாளர் தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நாருக்கும் அதன் வெளிப்படலத்துக்கும் இடையே ஒட்டிக்கிடந்த சிறு செல்களைக் கண்டு, அவற்றுக்குச் சாட்டிலைட் செல்கள் என்று பெயரிட்டார். காயம் பட்டதும் இவை விழித்துப் பெருகும். பெரும்பகுதி ஒன்றோடொன்று இணைந்து புது நாராகும், ஒரு பகுதி அடுத்த தேவைக்கான சேமிப்பாக நிற்கும். உங்கள் மகனிடமும் இவை உழைக்கின்றன. ஆனால் அதே மரபணுப் பிழையோடு பிறக்கும் புது நாரும் கிழிகிறது, அழற்சி தொடர்கிறது, காலப்போக்கில் தசை இருந்த இடத்தைத் தழும்பும் கொழுப்பும் பிடித்துக்கொள்கின்றன.

ஓயாத உழைப்பால் சேமிப்பு தீர்ந்துபோகிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். 2015-இல் கனடாவின் ஒட்டாவாவில் மைக்கேல் ருட்னிக்கியின் ஆய்வுக்குழு, சாட்டிலைட் செல் சரியான முறையில் பிரிவதற்கே டிஸ்ட்ரோபின் தேவை என்பதை எலிகளில் காட்டியது. அதாவது, கிழிவது மட்டுமன்றி, தைக்கும் கையும் பழுதுபட்டிருக்கிறது. நாரை மட்டும் சரிசெய்யும் மருத்துவம் போதாது, இந்தச் செல்களையும் எட்ட வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான்.

கேள்வி: தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டினைத் தடுத்தால் பயன் கிடைக்காதா?

பதில்: 1997-இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்குத் தசை இரு மடங்குக்கும் மேல் பெருத்தபோது பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் டுஷென் சிறுவர்களிடம் நடந்த மருந்துச் சோதனைகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. நார் பருப்பதால் அதன் உறை வலுப்பெற்றுவிடாது.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரையால் மகனுக்கு எடை கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக ஒருபோதும் திடீரென நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் உட்கொண்டவரின் அட்ரீனல் சுரப்பி, உடல் தானே உண்டாக்கும் ஸ்டீராய்டின் சுரப்பைக் குறைத்திருக்கும்; திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். அழற்சியைத் தணித்து, நடக்கும் திறனைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தரும் மருந்து இது. அளவையோ மருந்தையோ மாற்றுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். இதயமும் தசைதான் என்பதால், மூச்சுத் திணறல் வரும்வரை காத்திராமல் ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.